பேச்சிக்குத் தனி ரோடு

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் யாரும் சத்தமாக வியாபாரம் செய்வதில்லை. காயின் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். விலை பக்கத்துக் கடைக்குக்கூடப் போகாது. முன்பெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து ஏலம் கேட்டவர்களில் பலர் இப்போது கடையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். குணம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். நாம் விலை கேட்ட லாட்டு, அதாவது ஒரே தடவையில் ஏலம் விடும் காய்க் குவியல், முடிந்தால் மணி அடிக்கும்படி ஏலச் செயலியில் ஒரு வசதி உண்டு. அதை முதல் நாளே அணைத்துவிடுவார்கள். நாம் எந்தக் காய்க்கு ஆசைப்படுகிறோம் என்று அடுத்தவனுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு என்ன வியாபாரம்? அண்ணன் தம்பி கடையாக இருந்தாலும் இதுதான் வழக்கம். ஏலத்தில் தோற்றவர்கள் எல்லாரும் தனித்தனியாகத் தோற்றுக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம் என்று கலையரசிக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

கலையரசி சிலமலைக்காரி. அப்பா சின்னமுத்து தென்னையும் மக்காச்சோளமும் போட்டு அவளை என்ஜினீயரிங் படிக்க வைத்தார். சென்னையில் நல்ல வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை. ஒரு சூட்கேசோடு போடிக்கு வந்து இறங்கினாள். ஊர் சும்மா இருக்குமா? பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விசாரித்தார்கள், பூக்காரி விசாரித்தாள், கோயிலில் திருநீறு கொடுத்தவர்கூட விசாரித்தார். ஏன் பிரிந்தாய் என்று கேட்காதவர்கள் இரண்டே பேர்.

ஒருவன் விஜயகுமார். சிலமலையில் அடுத்த தெரு. பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்சில் போனவன், ஒரே கல்லூரியில் படித்தவன். போடியில் ஏலக்காய் ஏலத்தைச் செயலியில் நடத்தும் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருந்தான். அவளைப் பார்த்ததும், "எப்ப வந்து சேர்ற?" என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக அவள் அவனுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டதாக நினைத்துக்கொண்டாள்.

இன்னொருவர் ஞானபாக்கியம். ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் தானியேலின் மனைவி. கடைக்கு மேலே இருந்த மாடி வீட்டை அவளுக்கு வாடகைக்குக் கொடுத்தவர். "காலைல தண்ணி வரும், மறக்காம மோட்டாரப் போட்டுரு தாயி" என்று சாவியைக் கொடுத்ததோடு விசாரணை முடிந்தது. அன்றிலிருந்து மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வரும்.

அவள் பார்த்த வேலையை அவள் அம்மா பேச்சிக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நாம் முயன்று பார்க்கலாம். ஏலத்தில் யார் என்ன விலை கேட்டார்கள் என்ற விவரமெல்லாம் இரண்டு ஊர்களில் இருக்கிறது. சென்னையில் ஒரு டேட்டா சென்டர், மும்பையில் ஒன்று. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது ஓட வேண்டுமே, அதற்காக. எந்த ஊரிலிருந்து கேட்டாலும் விலை முதலில் சென்னையில்தான் பதிவாகும். அங்கிருந்து அதன் நகல் மும்பைக்குப் போகும். வியாபாரிகளில் பாதிப் பேருடைய திரை சென்னையைப் பார்க்கும், மீதிப் பேருடையது மும்பையைப் பார்க்கும். நகல் கண் சிமிட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. நாலைந்து விநாடி ஆனால் கதை வேறு. மும்பையைப் பார்ப்பவர் பழைய விலையைப் பார்த்துக்கொண்டு, நாம்தான் மேலே இருக்கிறோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அங்கே காய் கைமாறியிருக்கும்.

அந்தத் தாமதத்தை அளப்பதுதான் கலையரசியின் சோலி. கிளம்பிய நேரத்தைச் சென்னைக் கடிகாரத்திலும் சேர்ந்த நேரத்தை மும்பைக் கடிகாரத்திலும் பார்த்துக் கழித்தால் தீர்ந்தது என்று தோன்றும். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனால்தானே! ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று பிந்தும். சில சமயம் நகல் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு வரும். அதனால் அவள் இரண்டையும் நம்பாமல் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டாள். சென்னையில் ஒரு சின்னப் பதிவை எழுத வேண்டியது. எழுதிய கையோடு "வந்துச்சா, வந்துச்சா" என்று மும்பையை நச்சரிக்க வேண்டியது. வந்துவிட்டது என்று பதில் வந்ததும், கேள்வி போய்வரும் நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டியது. விநாடிக்கு ஒரு பதிவு, ராப்பகலாக.

இந்த நச்சரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. சிலமலையிலிருந்து ஓயாமல் போன் செய்து "சாப்ட்டியா? வீடு போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்கிற பேச்சி. அந்தப் பதிவுக்கும் பேச்சி என்றே பெயர் வைத்துவிட்டாள். ஆபீசில் எல்லாருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டி, பேச்சி எவ்வளவு நேரத்தில் மும்பை போய்ச் சேர்கிறாள் என்று கோடாக ஓடவிட்டார்கள். கோடு தரையோடு தரையாகப் பச்சையில் ஓடினால் நல்லது. மேலே ஏறிச் சிவந்தால் ஆபத்து.

முதல் சீசனிலேயே கோடு ஏறிச் சிவந்தது. ஏலம் சூடு பிடித்தால் பேச்சி நாலைந்து விநாடி பிந்தினாள். கலையரசி பதறிப்போய் விஜயகுமாரிடம் சொன்னாள்.

"சரி பண்ணிருவோம் கலை. எனக்குக் கொஞ்ச நாள் குடு" என்றான் அவன்.

சொன்னபடி சில நாளில் கோடு இறங்கிவிட்டது. இறங்கியது அப்படியே தரையில் படுத்துக்கொண்டது. "என்ன பண்ணுன?" என்று கேட்டாள். "லைன மாத்திட்டேன்" என்றான். அவள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. இரண்டு கடிகாரங்களை நம்பாதவள், ஒரு மனிதனை அப்படியே நம்பினாள்.

அதற்குப் பிறகுதான் கல்யாண மண்டபத்தில் கூட்டம். புதுச் செயலியில் சேரலாமா வேண்டாமா என்று சின்ன வியாபாரிகள் தயங்கிக்கொண்டிருந்த நேரம். பெரிய கைகளுக்கு முன்னால் நமக்கு நியாயம் கிடைக்குமா என்பது அவர்களுடைய பயம். விஜயகுமார் நாலு வார்த்தை பேசிவிட்டு மைக்கைக் கலையரசியிடம் நீட்டினான். மேடையேறிப் பழக்கமில்லாத அவள், கூட்டத்தில் தானியேலையும் ஞானபாக்கியத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, அக்கா, நான் தெனமும் அளந்து பாக்குறேன். ஒருத்தருக்கு முந்தி, ஒருத்தருக்குப் பிந்திங்கிற பேச்சே இல்ல. எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் வெல தெரியும். என் வார்த்தைய நம்பி வாங்க."

தானியேல்தான் முதலில் எழுந்தார். "நம்ம மாடி வீட்டுப் பிள்ள. அது பொய் சொல்லாது" என்று போய்ப் பெயர் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

தானியேல் கடையில் ஏலம் கேட்பது ஞானபாக்கியம்தான். ஒரு காயை நகத்தால் கீறி, முகர்ந்து, உள்ளே இருக்கும் அரிசியில் ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்து, இது எந்த மலைச் சரிவில் காய்த்தது, எத்தனை மழை கண்டது என்று சொல்லிவிடுவார். எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று மனதில் ஒரு விலையைப் போட்டுக்கொண்டு, அதைத் தாண்டாமல் நல்ல காயை வாங்கிவிடுவார். கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடந்த அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அந்த ஞானபாக்கியம் தோற்கத் தொடங்கினார். கையில் வந்துவிட்டது என்று நினைத்த காயெல்லாம் நழுவியது. கட்டக்கடைசியில் யாரோ மேலே ஏறியிருப்பார்கள். இவர் பதறி அழுத்துவதற்குள் லாட்டு முடிந்திருக்கும். மழை கூடிப்போன வருஷம், நல்ல காய் குறைவு. வடக்கே வழக்கமாக அனுப்பும் இடங்களுக்கு அனுப்பக் காய் இல்லை.

"எங்க பராக்குப் பாத்துக்கிட்டு இருந்த?" என்று தானியேல் கத்துவார். காய் பொறுக்கும் பெண்களுக்கு எதிரிலேயே கத்துவார்.

ஒருநாள் ஞானபாக்கியம் மாடிக்கே ஏறி வந்தார். "தாயி, எதுத்த கடையில மணி அடிச்ச பெறகும் எனக்கு லாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. அப்பொறம்தான் முடியுது. இது எப்பிடி?"

எதிர்க்கடை வீரணனுடையது. தெருவிலேயே பெரிய கடை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதோடு, எந்தக் காயைக் கேட்கிறேன் என்று ஊருக்கே தெரிந்தாலும் என்னை யார் என்ன செய்துவிட முடியும் என்ற தெனாவட்டும் உண்டு. அந்தத் தெருவில் மணியை அணைக்காத ஒரே கடை அதுதான்.

கலையரசி போனை எடுத்துப் பேச்சியைப் பார்த்தாள். பச்சைக் கோடு, தரையில். "ரெண்டு ஏலம் ஒண்ணா ஓடுதுல்லக்கா. அவுக இன்னொரு ஏலத்துல கேட்டிருப்பாக, அந்த மணியா இருக்கும். நம்ம அளவு கரெக்டா இருக்கு. இங்க பாருங்க." திரையைக் காட்டினாள். பிறகு அன்போடுதான் சொன்னாள்: "நீங்க கொஞ்சம் வெரசா அழுத்திப் பாருங்கக்கா. கண்ணு, கை எல்லாம் ஒருவாட்டி டாக்டர்ட்ட காட்டிருங்களேன்."

ஞானபாக்கியம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். தேனிக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். நரம்பு டாக்டரைப் பார்த்தார். டாக்டரிடம் போனால் மாத்திரை இல்லாமலா வர முடியும்? சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று கொடுத்தார். மாத்திரை போட்டும் காய் வரவில்லை. தானியேல் தன் அண்ணன் மகன் ஸ்டான்லியைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். ஞானபாக்கியம் பின்னால் போய், காய் பொறுக்கும் பெண்களோடு முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டான்லி கல்யாணமாகிக் குழந்தை பெற்றவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன். அவனும் தோற்றான். ஆனால் அவனை யாரும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. நெட்டு சரியில்லை என்றார்கள்.

நெட்டைப் பார்க்கத்தான் ஒரு மத்தியானம் கலையரசியைக் கீழே கூப்பிட்டார்கள். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டான்லி எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். லாட்டு முடிந்த செய்தி உடனே வருகிறதா என்று பார்க்க, அந்தக் கடையில் அணைத்து வைத்திருந்த மணியை அவள் திறந்துவிட்டாள். கேரள மலையில் உடும்பன்சோலையில் விளைந்த காய் ஒரு லாட்டு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டான்லி கேட்ட விலைதான் மேலே இருந்தது.

எதிர்க்கடையில் மணி அடித்தது. அதோடு நின்றிருந்தால் அன்றைக்கும் அவள் இன்னொரு ஏலத்தின் மணி என்றே நினைத்திருப்பாள். வீரணன் உள்ளே காய் பொறுக்குகிறவளைப் பார்த்துக் கத்தினார்: "ஏ மகாராணி! உடும்பன்சோலைக் காயி நமக்குத்தான். எடம் ஒதுக்கி வையி!"

கலையரசி திரையைப் பார்த்தாள். லாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டான்லிதான் இன்னும் மேலே இருந்தான். "நமக்குத்தான் வரப்போகுது" என்று அவன் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தான். ஒரு மூச்சு இழுத்து விட்டாள், இன்னொரு மூச்சும் விட்டாள். அதற்குப் பிறகு திரையில் விலை ஏறியது, பெயர் மாறியது, லாட்டு மூடியது, இந்தக் கடையில் மணி அடித்தது. போனை எடுத்துப் பார்த்தாள். பேச்சி அப்போதும் கண் சிமிட்டும் நேரத்தில் மும்பைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மாடிக்கு ஓடினாள். இத்தனை நாள் பார்க்காத இடத்தைத் திறந்து பார்த்தாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பேச்சி மட்டும் போவதற்கென்று ஒரு தனி வழி போட்டிருந்தது. ஏலத்தில் கேட்ட விலைகளெல்லாம் பழைய வழியிலேயே ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. போடிமெட்டு மலை ரோட்டில் லாரிகள் நகராமல் நிற்கும்போது, சைரன் வைத்த வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, பாருங்கள், ரோடு காலி என்று சொல்வதைப் போன்ற வேலை. விஜயகுமாரின் பெயரில்தான் அந்த மாற்றம் இருந்தது, கோடு தரையில் படுத்த அதே நாளில்.

அவள் நனைந்துகொண்டே ஆபீசுக்குப் போனாள். விஜயகுமார் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பேச்சிக்குத் தனி ரோடு எதுக்கு விஜி?"

மறுப்பான் என்று நினைத்தாள். அவன் மறுக்கக்கூட இல்லை. டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"எல்லாத்துக்கும் நல்ல லைனு போடணும்னா பணம் வேணும் கலை. பணம் போடுறவுக செவுத்துல கோடு பச்சையா இருந்தாத்தான் வருவாக. நாளைக்கு வர்றாக. அவுக கையெழுத்துப் போட்டதும் மொத வேல அதுதான். நான் என்ன, பொய்யா எழுதி வச்சேன்? பேச்சி நெசமாவே அவ்ளோ வெரசாத்தான் போறா."

"தானியேல் கடை மும்பையப் பாக்குது. வீரணன் கடை எந்தப் பக்கம் பாக்குது?"

அவன் சன்னலைப் பார்த்தான். "சென்னை. பெரிய கைங்க நாலஞ்சு பேரு கேட்டாக. மாத்தி விடலைன்னா வெளிய போயிருவாக. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ மண்டபத்துல பேசியிருப்பியா?" என்றான் விஜயகுமார். கோபமாகக்கூட இல்லை, சர்வசாதாரணமாகச் சொன்னான். "நான் பேசுனா யாரு நம்புவா? உன் மொகத்தப் பாத்தா நம்புவாக. உனக்குப் பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும்."

சூட்கேசோடு வந்து இறங்கிய நாளில் இவன் ஏன் எதையும் விசாரிக்கவில்லை என்று முதல் முறையாக யோசித்தாள். பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். தேவைப்பட்டது அவளுடைய முகம்தான், அவளுடைய கதை அவனுக்கு எதற்கு? இப்படி நினைப்பது அநியாயமாகவும் இருக்கலாம். ஆனால் நினைப்பு வந்துவிட்டது, இனிமேல் போகாது. கணவனை விட்டு வந்தபோதுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு எரிந்ததில்லை. அங்கே ஏமாந்தது அவள் மட்டும்தான். இங்கே அவளை வைத்து ஒரு தெருவையே ஏமாற்றியிருக்கிறான்.

மறுநாள் பணம் போடுகிறவர்கள் வந்தார்கள். ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, கலையரசி மாடியில் இருந்தபடி ஒரே ஒரு காரியம் செய்தாள். பேச்சியின் தனி வழியை அடைத்தாள். பேச்சி மற்றவர்களோடு பழைய வழியில் வரிசையில் நின்றாள். ஆபீஸ் சுவரில், விருந்தாளிகளின் கண் முன்னால், கோடு கிடுகிடுவென்று ஏறிச் சிவந்தது. விஜயகுமார் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். பிறகு போன் வரவில்லை. கம்ப்யூட்டரில் அவளுடைய பெயரும் பாஸ்வேர்டும் செல்லாது என்று வந்தது. அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஆனாலும் அழுகை வந்தது, அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனாள். தானியேலிடமும் ஸ்டான்லியிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். தானியேல் முதலில் அவளைத் திட்டினார், பிறகு விஜயகுமாரைத் திட்டினார், கடைசியில் எதிர்க்கடையைப் பார்த்துத் திட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு, பெயர் கொடுத்த மற்றக் கடைக்காரர்களைக் கூட்டிவரக் கிளம்பினார். அந்தத் தெருவில் ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்குள் போய், நான் இந்தக் காயைக் கேட்டுத் தோற்றேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஞானபாக்கியம் பின்னால் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கும். எழுந்து வரவில்லை. கலையரசி அவருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முறத்துக்கு அருகில் தண்ணீர்ச் செம்பும் மாத்திரை அட்டையும் இருந்தன.

"அக்கா, உங்க கையில ஒரு கொறையும் இல்ல. கண்ணுலயும் இல்ல. நீங்க சரியாத்தான் அழுத்துனீங்க."

ஞானபாக்கியம் பொறுக்குவதை நிறுத்தவில்லை. வெடித்த காயை ஒரு பக்கம், முழுக் காயை ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். அவர் கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று கலையரசிக்குத் தோன்றியது. தானியேலைப் போல நாலு வார்த்தை திட்டிவிட்டால் போதும்.

"அது எனக்குத் தெரியும் தாயி" என்றார் ஞானபாக்கியம். "மொதல்ல நல்லாத் தெரியும். நீ சொன்ன பெறகுதான் தெரியாமப் போச்சு."

முன்பக்கம் ஸ்டான்லி நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "சித்தி, வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டான். ஞானபாக்கியம் தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.